உபசாரத்துக்குச் சொல்லாத ஒரு வேண்டாம்

அன்புள்ள பிள்ளைக்கு,

இன்று காலை எழும்பியதும் நான் முதலில் செய்தது, உன்னுடைய ஊரில் எவ்வளவு குளிர் என்று போனில் பார்த்ததுதான். முகம் கழுவவில்லை, திரைச்சீலையை விலக்கவில்லை, கேத்திலுக்குத் தண்ணீர் விடவில்லை. உறைநிலைக்குக் கீழே என்று காட்டியது. பக்கத்தில் ஒரு சின்னப் பனித்துகள் படம். நீ போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு நித்திரையாய் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கட்டிலிலேயே இருந்தேன். நீ போன நாளிலிருந்து இதுதான் பழக்கம். இங்கே லண்டனில், நம் தோர்ண்டன் ஹீத்தில் மழை பெய்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. அதனால் குடையில்லாமல் பஸ்ஸுக்கு நின்று, தலை நனைந்து வேலைக்குப் போன நாட்கள் பல. போன கிழமை ஆஸ்பத்திரியில் என்னிடம் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க வந்த ஒரு வெள்ளைக்கார ஐயா, தன் கையில் ஏறுகிற ஊசியைப் பார்க்காமல் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நானல்ல, நீங்கள்தான் டொக்டரிடம் போக வேண்டிய ஆள் என்றார்.

இன்று சனிக்கிழமை. நாளை நீ போன் எடுப்பாய். திங்கட்கிழமை உன் தட்டெறிதல் கோச்சுக்கு நீ பதில் சொல்லியாக வேண்டும்: டிசம்பரில் நத்தார் விடுமுறை முடிய அமெரிக்காவுக்கே திரும்பிப் போவாயா, இல்லை அந்த ஸ்கொலர்ஷிப்பை விட்டுவிட்டு லண்டனுக்கே வந்து இங்குள்ள ஒரு யூனிவர்சிட்டியில் சேர்வாயா என்று. போன ஞாயிறு இதை நீ சொன்னபோது நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், ‘வேண்டாம் பிள்ளை, நான் இஞ்சை நல்லாத்தான் இருக்கிறன்’ என்றேன். நீ சிரித்தாய். ‘அம்மா, இது உங்கட முதலாவது வேண்டாம்தானே’ என்றாய். நான் மறுபடியும் சொன்னேன். ‘ஓகே, இது ரெண்டாவது’ என்றாய். மூன்றாவதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் கறி ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மூன்றாவதைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் நீ என் சொல்லைக் கேட்பதில்லை, குரலைத்தான் கேட்கிறாய். குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதலாம் என்றால், என் ஆங்கிலம் வேலையிடத்து ஆங்கிலம். அதில் எதைச் சொன்னாலும் மரியாதையாகிவிடும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். பயிற்சிக்காகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டவள் நீ, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். மெதுவாக வாசி. எங்கள் பழைய மாணவிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, பிள்ளை எப்படி அமெரிக்க ஸ்கொலர்ஷிப் எடுத்தாள், மற்றத் தாய் தகப்பனுக்குப் பிரயோசனமாக எழுதித் தாங்கோ என்று கேட்டிருந்தார்கள். இதையே அவர்களுக்கும் கொடுக்கப்போகிறேன். எப்படி எடுத்தாய் என்பதும் இதற்குள் இருக்கிறது, எடுத்த பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பதும் இருக்கிறது. இரண்டாவதை யாரும் எழுதுவதில்லை.

எங்கிருந்து தொடங்குவது? நாங்கள் ஹொலண்டிலிருந்து வந்த கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். உனக்கு அப்போது ஏழு வயது. அங்கே எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அப்பாவுக்குப் பூ வளர்க்கிற கண்ணாடி வீட்டில் நிரந்தர வேலை, எனக்குச் சைக்கிள், உனக்குப் பக்கத்து வீட்டு டச்சுப் பிள்ளைகள். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக லண்டனுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தார்கள். பிள்ளை இங்கிலீசில் படித்தால் உலகம் முழுக்கப் போகலாம் என்று ஒவ்வொரு பிறந்தநாள் வீட்டிலும் கதை. நானும் பிடிவாதமாக நின்று உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்றார் அப்பா. முதலில் ஒவ்வொரு வெள்ளியும் வந்தார், பிறகு மாதத்துக்கு ஒருக்கா, பிறகு பெருநாளுக்கு. நாங்கள் சண்டை பிடித்ததில்லை, பிரிந்துவிட்டோம் என்று யாரும் சொன்னதுமில்லை. ஒரு வீடு இரண்டு நாட்டில் இருந்து இருந்து, இரண்டு வீடாகிவிட்டது. நீ உலகம் முழுக்கப் போக வேண்டும் என்றுதான் வந்தேன். நீ உண்மையிலேயே போவாய் என்று நான் யோசித்திருக்கவில்லை.

தட்டெறிதல் உனக்குக் கிடைத்தது ஒரு தற்செயல். உன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்துக்கு ஆள் நிறைந்துவிட்டது. மிஞ்சி நின்ற உன் கையில் உடற்பயிற்சி ஆசிரியை ஒரு ரப்பர் தட்டைக் கொடுத்து, இதை எறிந்து பார் என்றிருக்கிறாள். அது வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்ததாம். அன்று பின்னேரம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நின்று, கையை விரித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினாய். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்திருந்த ஊறுகாய்ப் போத்தல் உன் கைபட்டு விழுந்து உடைந்தது. வழமையாக நான் ஏசியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்தபோது ஏச மனம் வரவில்லை. பெரியபிள்ளையாகிற அந்த வயதில் எல்லாப் பெண்பிள்ளைகளும் தங்கள் உடம்பைச் சுருக்கி, தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். நீ முதல்முறையாக உன் கையின் முழு நீளத்தையும் பார்த்தாய்.

மோர்டனில் இருக்கும் உன் மாமி, அதுதான் அப்பாவின் தங்கச்சி, அந்தக் காலத்தில் சொன்னவற்றை நீ மறந்திருக்க மாட்டாய். பிள்ளை சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவுகிறதில்லையோ, எறிகிறதோ என்று முதலில் பகிடி. பிறகு உன் தோள் அகலமானபோது பகிடி குறைந்தது. ‘மச்சாள், இந்தத் தோளோடை நாளைக்கு ஆர் பிளவுஸ் தைக்கிறது? தையல்காரி ரெண்டு பேற்றை துணியெல்லோ கேப்பாள்’ என்றாள். நான் சிரித்துச் சமாளித்தேன். நீ மேசையில் இருந்த கேக்கை இன்னொரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு, ‘மூண்டு பேற்றை துணியாக் கேக்கட்டும் மாமி’ என்றாய். அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இப்போது அதே மாமி, கோயிலில் காண்கிற எல்லோரிடமும் எங்கட மருமகள் அமெரிக்காவிலை என்று தொடங்குகிறாளாம். அவளைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பெருமைப்படுவதற்கும் முதலில் யாராவது அனுமதி தர வேண்டியிருக்கிறது.

அந்த மைதானத்தில் நாம் கழித்த சனிக்கிழமைகளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? வலைக்கூட்டுக்குள் சீமெந்து வட்டம், அதற்குள் நீ. எதிரே நனைந்த புல், அதன் தொலைவில், கோட்டுக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் நான். நீ எறிவாய். அது விழுந்த பிறகு நான் நடந்து போய் எடுத்து, ஜாக்கெட்டில் சேற்றைத் துடைத்து, திருப்பிக் கொண்டுவந்து தருவேன். மற்றப் பெற்றோர் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். உன் கிளப் கோச், நீங்களும் காருக்குள் இருக்கலாமே, அவளே எடுத்துக்கொள்வாள் என்று எத்தனையோ தரம் சொன்னார். எனக்கு அந்த நடை வேண்டியிருந்தது. தட்டைக் கையில் தரும்போது நீ ஒன்றும் சொல்ல மாட்டாய், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நீ அதை வாங்குகிற விதத்திலேயே பள்ளிக்கூடத்தில் அந்தக் கிழமை எப்படிப் போனது என்று எனக்குத் தெரிந்துவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகள் தங்களோடு கதைப்பதில்லை என்று வேலையிடத்தில் மற்றத் தாய்மார் அழும்போது நான் பேசாமல் இருப்பேன். நீயும் கதைத்ததில்லைதான். ஆனால் நம் இருவருக்கும் நடுவில் ஒரு பொருள் போய்வந்துகொண்டிருந்தது.

ஸ்கொலர்ஷிப் கதை உன் பதினாறாவது வயதில் தொடங்கியது. உன் கிளப்பில் சம்மட்டி எறிகிற ஒரு பெண் அமெரிக்காவுக்குப் போனாள். உன்னாலும் முடியும் என்று அவள்தான் உனக்கு வழி சொன்னாள். பிறகு பள்ளிக்கூடப் படிப்பு ஒரு பக்கம், அமெரிக்கப் பரீட்சை இன்னொரு பக்கம், பயிற்சி வேறு. முன்பின் தெரியாத கோச்சுகளுக்கு ஒவ்வொருவராக மின்னஞ்சல் எழுதினாய். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. சிலர், நீ எறிவதைக் காட்டும் வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்போதுதான் நான் லண்டனின் மறுபக்கம் செவன் கிங்ஸில் இருக்கிற வீடியோ அண்ணையைக் கூட்டிவந்தேன். இதை மலரில் வாசிக்கிறவர்கள் சிரிக்கட்டும், பரவாயில்லை. லண்டனில் பாதிச் சாமத்தியச் சடங்கு வீடுகளையும் கலியாண வீடுகளையும் எடுத்தவர் அவர். வீடியோ என்றால் எனக்குத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். மூன்று கமராவோடு வந்து இறங்கினார். உன்னை மைதானத்தில் மெதுவாக நடந்துவரச் சொன்னார், திரும்பிப் பார்க்கச் சொன்னார், தட்டைக் கன்னத்தோடு வைத்துச் சிரிக்கச் சொன்னார். நீ பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் செய்தாய். வந்து சேர்ந்த வீடியோவில் ரோசாப்பூ இதழ்கள் விழுந்தன. நீ எறிந்த தட்டு மேகத்துக்குள் போய் இரண்டு புறாவாகப் பிரிந்தது. அது எங்கே விழுந்தது என்பது மட்டும் எந்த இடத்திலும் இல்லை. அதைத்தான் அந்தக் கோச்சுகள் பார்க்க வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நானே என் போனை ஒரு குடைக்கம்பில் கட்டிவைத்து, வெட்டாமல் ஒட்டாமல் ஒரு முழுப் பயிற்சியையும் எடுத்தேன். நான் நடந்து போய்த் தட்டெடுத்து வருவதும் அதில் இருந்தது. இப்போதைய உன் அமெரிக்கக் கோச் அதைப் பார்த்துவிட்டுத்தான், அந்தப் பெண்மணி யார் என்று முதலில் கேட்டாளாம்.

அவள் எங்கள் வீட்டோடு வீடியோவில் கதைத்த நாள்தான், நீ இன்றுவரை என் ‘வேண்டாம்’களை எண்ணுவதற்குக் காரணம். நீ பக்கத்தில் இருந்தாய். நான் சேலை உடுத்தி, பின்னால் தெரிகிற அலுமாரியைத் துடைத்து வைத்துவிட்டு இருந்தேன். அவள் உன் படிப்பைப் பற்றிக் கேட்டாள், தோள்பட்டை நோவைப் பற்றிக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் மகளுக்கு முழு உதவியும் தேவைப்படுமா, அல்லது ஒரு பகுதியைக் குடும்பம் பார்த்துக்கொள்ளுமா என்றாள். என் வாய் தன்பாட்டில் சொன்னது: அதெல்லாம் வேண்டாம், நாங்கள் சமாளிப்போம், நீங்கள் அவளை எடுத்தாலே போதும்.

பிள்ளை, எங்கள் வீடுகளில் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதல் தரமே ஓம் என்று சொல்கிற ஆளை நீ கண்டிருக்கிறாயா? இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள் என்போம். கேட்டவரும் அதை நம்ப மாட்டார். திரும்பக் கேட்பார். கரைச்சல்படாதேங்கோ என்போம். மூன்றாம் தரம் கேட்கும்போது அவர் கேத்திலுக்குத் தண்ணீர் விட்டிருப்பார். இதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்கிறவர் மனதோடு கேட்கிறாரா என்று நாங்கள் பார்க்கிறோம், நாங்கள் பேராசைக்காரர் இல்லை என்று அவர் பார்க்கிறார். நான் அந்தக் கோச் இரண்டாம் தரம் கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவளோ, மிக்க நன்றி, அது பெரிய உதவி என்று எதையோ குறித்துக்கொண்டு கையசைத்துவிட்டுப் போய்விட்டாள். பாதி ஸ்கொலர்ஷிப் என்று மின்னஞ்சல் வந்தது. என் சம்பளத்துக்கும் அப்பாவின் சம்பளத்துக்கும் மற்றப் பாதி எட்டாத உயரம். நீ படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, ஏன் அம்மா நோ சொன்னீங்கள் என்றாய். ‘அவ திருப்பிக் கேப்பா எண்டு நினைச்சன்’ என்றேன். நீ அழுதாயா சிரித்தாயா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நீ செய்ததை நான் என் வயதில் செய்திருக்க மாட்டேன். கோச்சுக்கு நீயே எழுதி, இன்னொரு தரம் கதைக்க வேண்டும் என்று கேட்டாய். என்னைப் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டு, என் அம்மா மரியாதைக்காக வேண்டாம் என்றார், எங்கள் ஆட்களிடம் மூன்று தரம் கேட்க வேண்டும் என்றாய். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முழு உதவியும் வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். திரும்பக் கேட்டாள். நான் மேசையைப் பார்த்தேன். மூன்றாம் தரம் கேட்டபோது யெஸ் என்ற அந்தச் சின்னச் சொல் எனக்கு வரவில்லை, ‘ஓம்’ என்றேன். அது யெஸ் என்று எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அப்போதும் உடனே கிடைத்துவிடவில்லை. வேறொரு பெண் வேறு இடத்துக்குப் போக, அவளுக்கென்று வைத்திருந்த முழு உதவி உனக்கு வரும்வரை பல கிழமைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மலருக்காக இதை அழுத்தி எழுதுகிறேன்: பிள்ளைக்கு வேண்டியதை முதல் தரமே கேளுங்கள். கேட்பது கேவலம் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் யாரும் கோச்சோடு கதைத்தவர்கள் இல்லை.

நீ போன நாள் அப்பா ஹொலண்டிலிருந்து வந்திருந்தார். விமான நிலையத்தில் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் நடந்தபோது முதுகு கூனிப்போயிருந்ததைக் கண்டேன். நீ உள்ளே போன பிறகு நாங்கள் இருவரும் கோப்பிக் கடையில் இருந்தோம். ‘இனி நீர் இஞ்சை தனிய இருந்து என்ன செய்யப்போறீர்? அங்கை வாருமன்’ என்றார். அது ஒரு தரம்தான். நான் யோசிக்கிறேன் என்றேன். அவர் திரும்பக் கேட்கவில்லை, எனக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது. நாங்கள் நல்ல மனிதர்கள் இருவர், ஒருவருடைய வீட்டில் மற்றவர் விருந்தாளியாகத்தான் இருப்போம். இதை உன்னிடம் சொல்வதற்குக் காரணம், உனக்காக நான் எதையோ இழந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். என்னிடமிருந்து அதைப் பறித்த ஆள் நீ அல்ல.

அதன் பிறகு வந்த நாட்கள் எப்படியிருந்தன என்று கேட்டாய், நான் சொல்லவில்லை. சொல்கிறேன். வேலையில் ஒரு நாளில் எத்தனையோ பேரின் கையைப் பிடிக்கிறேன். சின்னக் குத்து, அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் அடுத்த நாள் காலை வரை என் குரலை நானே கேட்பதில்லை. ரேடியோவைப் போட்டுவைத்துப் பார்த்தேன், அவர்கள் கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள், பதில் எதிர்பார்ப்பதில்லை. சோறு அளந்து போடத் தெரியவில்லை. முந்தி நீ சாப்பிடுகிற அளவுக்கு அளந்த கை, எவ்வளவு குறைத்தாலும் மிஞ்சுகிறது. ஒரு சனிக்கிழமை கால் தன்பாட்டில் மைதானத்துக்குப் போய்விட்டது. வலைக்கூட்டுக்குள் ஒரு புதுப் பெண்பிள்ளை எறிந்துகொண்டிருந்தாள். தட்டு விழுந்தது. நான் போய் எடுத்து, துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் தாங்க் யூ என்றாள், அடுத்த தரமும் எடுத்தேன். மூன்றாம் தரம் அவளுடைய தகப்பன் காரிலிருந்து இறங்கி வந்து, நீங்கள் யார் என்று மரியாதையாகக் கேட்டார். தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். இதைத்தான் கிளப்பிலிருந்து யாரோ உனக்கு எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்துதான் நீ, நான் வாறன் அம்மா என்று தொடங்கினாய்.

ஆகவே இப்போது உண்மையைச் சொல்கிறேன். நீ எண்ணியது சரி. போன ஞாயிறு நான் சொன்ன முதல் இரண்டு வேண்டாமும் உபசாரத்துக்குச் சொன்னவைதான். மூன்றாம் தரம் நீ கேட்பாய், நான் சரி என்பேன் என்று உள்ளுக்குள் ஒருத்தி கேத்திலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அதனால்தான் பயந்துபோய்ப் போனை வைத்தேன். இந்தக் கிழமை முழுக்க அவளோடுதான் நான் கதைத்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் மாதம் சந்தோசமாக இருப்போம். நான் உனக்குப் பிடித்த இறால் பொரிப்பேன், நீ என்னை ஏசி ஏசிக் குடை கொண்டுபோக வைப்பாய். பிறகு ஒரு நாள் நீ ஜன்னலுக்குப் பக்கத்தில் பேசாமல் நிற்பாய். நான் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் சமைப்பேன். நான் உனக்காக இந்த நகரத்துக்கு வந்தேன் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நீ. நான் சொல்லாத நாட்களிலும் நீ அதைக் கேட்டிருப்பாய். அது எவ்வளவு பாரம் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது நீயும் எனக்காக ஓர் ஊரை விட்டு வந்தாயென்றால், அந்தப் பாரத்தை நான் என் தோளில் அறிவேன். ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்து, ஒரே சமையலறையில் கிழவிகளாவோம்.

உன் விளையாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். எறிந்த தட்டு நிலத்தில் படும்வரை வட்டத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் அந்த எறி செல்லாது. எவ்வளவு மோசமான எறி என்று கையை விட்ட உடனேயே உனக்குத் தெரியும், என்றாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாய். நீ அங்கே போய் இன்னும் ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை. அது உனக்கு ஒத்துவராது என்றால், அடுத்த வருடம், படிப்பிலோ தோளிலோ உனக்கே ஒரு காரணம் இருந்தால், திரும்பி வா. ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். காரணம் நானாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் அறைத்தோழி நவம்பர் விடுமுறைக்குத் தன் வீட்டுக்கு வரும்படி கேட்டதாகவும், நீ பரவாயில்லை என்று சொன்னதாகவும், அவர்கள் எல்லோரும் போய்விட, வெறும் விடுதியில் நாலு நாள் நூடில்ஸ் சாப்பிட்டதாகவும் பகிடிபோலச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ‘வேண்டாம்’களை எண்ணுகிற பிள்ளை, தன் ‘வேண்டாம்’ ஒன்றை அங்கே விட்டுவிட்டு, அவர்கள் திரும்பக் கேட்பார்கள் என்று கதவடியில் காத்திருந்திருக்கிறாள். நீ அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பொருட்களில் அது ஒன்றுதான் நான் கட்டித் தராதது. அவளுடைய தாய்க்கு எழுது. உண்மையில் வர விருப்பமாக இருந்தது, வெட்கத்தில் சொன்னேன், அடுத்த தரம் வருவேன் என்று எழுது. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தடித்த கோட் ஒன்று வேண்டும் என்று கோச்சிடம் கேள். தோள் நோகிறது என்றால் நோகிற அன்றைக்கே சொல்.

இனி என் பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் மேல்மாடி வார்டுக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ்பிள்ளை வந்திருக்கிறாள். உன்னைவிட நாலைந்து வயது கூடவாக இருக்கும். செவன் கிங்ஸில் ஒரு அறையில் இருக்கிறாள். காலை ஷிப்டுக்கு லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இருட்டோடு வருகிறாள். சாப்பாட்டு அறையில் என் பக்கத்தில் இருந்து தயிர்ச்சோறு சாப்பிடும்போதே நித்திரை தூங்குவாள். வியாழக்கிழமை, ‘அக்கா, உங்க ஏரியாவுல ரூம் எதுவும் இருந்தா சொல்லுங்களேன். உங்க வீட்டுலயே இருந்தாலும் சரிதான்’ என்று சிரித்தாள். நான், இல்லையம்மா, இருக்கிறது மகளின் அறை, அவள் வந்துவிடுவாள் என்றேன். ‘சரிக்கா’ என்று டிபன் பெட்டியை மூடினாள். இல்லை என்பதைப் பல வீடுகளில் கேட்டுப் பழகிய பிள்ளை. ஒரு தரத்துக்கு மேல் கேட்கவில்லை.

நாளைக்கு நீ எடுக்கும்போது நான் இதைப் பற்றி ஒன்றும் கதைக்க மாட்டேன். குளிரைப் பற்றிக் கதைப்போம். திங்கட்கிழமை எனக்குத்தான் முதலில் விடியும். நீ எழும்பி உன் கோச்சின் கதவைத் தட்டும் நேரத்துக்கு இங்கே பின்னேரமாகியிருக்கும். அதற்குள் உன்னுடைய அறைச் சாவி அந்த நர்ஸ்பிள்ளையின் கையில் இருக்கும், இந்தக் கடிதம் உன் போனில் இருக்கும். உன் பதக்கங்களையும் புத்தகங்களையும் என் அறைக்கு மாற்றிவிடுவேன். நத்தாருக்கு நீ வா, வந்து என் கட்டிலில் என்னோடு படு, விடுமுறை முடிய விருந்தாளியைப் போலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போ. அப்பாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. மாமிக்குச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கே இன்னும் தெரியாது.

அம்மா